நெவில் தட்டிவிட்ட பந்து

ஹார்ன்பரோ டவுன் கிளப்பின் கால்பந்து மைதானத்தில் இரண்டு கோல்களும் இங்கிலாந்தில் இருக்கின்றன. நடுப்பகுதி எங்கள் ஊரில் இருக்கிறது.

அங்கே இடம் போதவில்லை. ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் பிஸ்கட் கம்பெனி. கோல் இல்லாமல் மைதானம் ஆகாது, கோலுக்குப் பின்னால் ஜனம் உட்கார இடம் வேண்டும். இதையெல்லாம் வைத்து முடித்த பிறகு நடுப்பகுதியை எங்கே வைப்பது? எங்கள் கடற்கரையில் அந்தோணியார் கோயிலுக்கும் கரமடி வலை இழுக்கிற இடத்துக்கும் நடுவே நல்ல மணல் சும்மா கிடந்தது. வந்து பார்த்தார்கள். மிதித்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பில் ஒரு பெரிய வட்டமும் அதை அறுத்துக்கொண்டு ஒரு கோடும் போட்டுவிட்டுப் போனார்கள். முதலில் புல் நட்டார்கள். எங்கள் ஊர்ப் பிலோமியின் ஆடு தின்றுவிட்டது. மணலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

என் வீட்டுப் பின்வாசல் அந்த வட்டத்தைப் பார்த்துத் திறக்கும். நான் நெத்திலி காய வைத்து விற்கிறவள். சுண்ணாம்புக் கோட்டை நாயும் கோழியும் தாண்டுவதில்லை என்பதால் வட்டத்துக்குள் பாய் விரிப்பேன். சனிக்கிழமை விசில் ஊதியதும் பாயை ஓரத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதிலும் ஒரு லாபம் இருந்தது. எங்களுக்கு விளக்கு வைக்கிற நேரம் அவர்களுக்கு மத்தியானம். ஆட்டம் நடக்கிறவரை கோட்டுக்குள் மட்டும் மத்தியானமாகவே இருக்கும். வெளியே இருட்டிக் கிடக்கும்போது என் பாயில் வெளிச்சம் விழும். வெளிச்சம்தான், சூடு கிடையாது. இங்கிலாந்து வெயிலில் காய்ந்த நெத்திலியை மறுநாள் ஒருமுறை நம் வெயிலில் போட்டு எடுத்தால்தான் சரிப்படும்.

அந்த வட்டத்தில் ஆடத்தான் நெவில் வந்தான். மிட்ஃபீல்டர். வந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். முகமெல்லாம் புள்ளி. கையில் ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு ஜாம் பாட்டில். இடம் சின்னது என்பதால் பக்கத்துக்கு ஒருத்தன்தான். இவன் ஒருத்தன், எதிரணியில் ஒருத்தன். வெளியூர் ஆட்டங்களுக்கு கிளப்பில் வேறு ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஊர்களில் மைதானம் முழுசாக ஒரே இடத்தில் இருக்கும் என்று நெவில் சொன்னான். பிலோமி நம்பவில்லை.

"எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சா பந்து எங்க போவும்?" என்றாள்.

பிலோமியும் மீன் விற்கிறவள்தான். அயிலையும் சாளையும் பச்சையாக விற்பாள். காய்ந்த மீன் விற்கிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்பது அவள் எண்ணம்.

ஆட்டம் இப்படித்தான் நடக்கும். கடலுக்கு எதிர்ப்புறம் இருக்கிற ஐஸ் பிளாண்ட் பக்கமிருந்து பந்து உருண்டு வரும். நனைந்திருக்கும், புல் ஒட்டியிருக்கும். நெவில் அதை நிறுத்தி, தலையை நிமிர்த்திப் பார்த்து, கடல் பக்கமாகத் தட்டிவிடுவான். வள்ளங்களுக்கு நடுவே புகுந்து, அலையைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பக்கந்தான் எதிரணியின் கோல். எதிரணிக்காரன் கையில் பந்து சிக்கினால் ஐஸ் பிளாண்ட் பக்கம் அடிப்பான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றுகிற வழக்கத்தை விட்டுவிட்டார்கள். மாற்றினால் கோல்கீப்பர்கள் எங்கள் ஊர் வழியாக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.

ரெஃப்ரி பந்துக்குப் பின்னாலேயே ஓடுவார். கோல் விழுந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வட்டத்தின் நடுவில் வைப்பார். அவர் சட்டையிலிருந்து இங்கிலாந்து மழை சொட்டும். அவருக்கு எல்லாம் தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார். நடுவில் ஆடுகிறவனுக்குக் கோல் விவரம் சொல்லக் கூடாது என்று கிளப்பில் ஒரு சட்டம். சொன்னால் அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பானாம். கோல் விழுந்தது என்பது நெவிலுக்குத் தெரியும். எந்தப் பந்து, யார் கொடுத்த பந்து என்று தெரியாது.

டீவியில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டீவியில் நடுப்பகுதியைக் காட்டுவதில்லை. பந்து எங்கள் ஊருக்கு வரும் நேரத்தில் விளம்பரம் போட்டுவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாப் பந்தும் உடனே போய்ச் சேர்வதில்லை. சில பந்து தட்டிய கையோடு போய்விடும். சிலது அடுத்த சனிக்கிழமைதான் போய்ச் சேரும். ஓணம் சமயத்தில் நெவில் தட்டிவிட்ட பந்து ஒன்று கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போதும் போய்க்கொண்டிருந்தது. மீன் பிடிக்கப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

முதல் இரண்டு வருஷம் அவன் ரொம்ப ஓடினான். வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி என் பாயையெல்லாம் மிதித்தான்.

"எடே, பந்து வரும். நீ எதுக்கு இந்தப் பாடு படுத?" என்று அந்தோணியடிமை அண்ணன் கேட்டார். எங்கள் கரையில் கரமடிக்குச் சொந்தக்காரர் அவர். பிடித்த மீனைப் பங்கு வைக்கிறவரும் அவர்தான். பேச்சு குறைவு, குரல் பெரிது.

நெவில் நிற்கப் பழகினான். பிறகு தமிழ் பழகினான். பிறகு மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் பழகினான். ஒரு தடவை பந்து வந்தபோது அதில் கேப்டன் கட்டுகிற துணிப்பட்டை சுற்றியிருந்தது. அவிழ்த்துக் கையில் கட்டிக்கொண்டு பந்தைத் தட்டிவிட்டான். கேப்டன் ஆனதால் அவனுக்கு வேறொரு வேலையும் கூடவில்லை, அதிகாரம் செய்ய ஆளும் இல்லை. என் பாயைத் தாண்டும்போது மட்டும் "மன்னிக்கணும் அக்கா" என்று முன்பைவிடச் சத்தமாகச் சொன்னான். பெரிய கிளப் ஒன்று அவனை விலைக்குக் கேட்டது. அவர்களுடைய நடுப்பகுதி ஏதோ மலை ஊரில். அங்கே பச்சை மீன் கிடைக்காது என்று தெரிந்ததும் போகவில்லை. முட்டி ஒருமுறை விலகியது, மறுமுறையும் விலகியது. அப்படியே பதினான்கு வருஷம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவன் அம்மா போன் செய்வாள். என் பின்வாசலை ஒட்டிய வட்டத்தின் ஓரத்தில் நின்றுதான் பேசுவான், சிக்னல் அங்கேதான் கிடைக்கும். அதனால் எனக்கும் எல்லாம் தெரியும். அவள் பேர் ஈடித். கடல் பக்கத்துக் கோலுக்கு நேர் பின்னால் அவளுக்கு ஒரு நாற்காலி. ஒரு ஆட்டமும் விட்டதில்லை. மகன் ஆடி அவள் பார்த்ததும் இல்லை.

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கோலுக்கும் எழுந்து நிற்கவில்லை. சுற்றிலும் எல்லாரும் எழுந்து கத்துவார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேறொருத்தி பெற்ற பிள்ளையின் பந்துக்கு நாம் எழுந்து நிற்பது மரியாதை இல்லை என்று அவளுக்கு நினைப்பு. நெவில் தட்டிவிட்ட பந்து உள்ளே போனால் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தாள். அது எது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

"நேற்று ஒன்று உள்ளே போயிற்று. உன்னுடையதா?" என்று கேட்பாள்.

"தெரியாது அம்மா. உன் பக்கம் வந்தபோது மணல் ஒட்டியிருந்ததா?"

"கண்ணாடி போட்டிருந்தேன். சரியாகத் தெரியவில்லை."

கடைசி வருஷம் கண்ணாடி போட்டும் தெரியாமல் ஆயிற்று. மே மாதத்துக்குப் பிறகு மைதானத்துக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். அதே மே மாதத்தோடு நெவிலையும் நிறுத்தப்போவதாக கிளப்பிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேறொரு பையன் வருவானாம். நெவில் போனை வைத்துவிட்டு என் பாய் ஓரத்தில் உட்கார்ந்தான். ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினான், தின்னவில்லை.

"அக்கா, நான் தட்டினதுல ஒண்ணாவது உள்ள போயிருக்குமா?"

"போவாம எங்க போவும்?" என்றேன்.

"எல்லாம் திருக்கை வயித்துக்குள்ள கெடக்கும்," என்றாள் பிலோமி. கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு உட்கார்ந்தாள். "பதினாலு வருஷமா ஒருத்தன் தட்டித் தட்டி உடுதான். எங்க போச்சுன்னு இன்னும் தெரியல. நான் வித்த மீனு எந்த வீட்டுச் சட்டியில கெடக்குன்னு எனக்குத் தெரியும் பாத்துக்க."

அந்தோணியடிமை அண்ணன் பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் சுற்றுவதை நிறுத்தினார்.

"நெவிலே, கரமடியில கயித்தப் புடிச்சு நாப்பது பேரு இழுக்கோம். எந்த மீன எவன் இழுத்தான்னு கேக்கோமா?"

"இல்ல அண்ணே."

"கயித்துல கை வச்சவனுக்குப் பங்கு. அவ்வளவுதானே? வழியில போறவன் ஒரு கை வச்சாலும் பங்கு உண்டுல்லா? பந்துக்கு மட்டும் எதுக்குடே வேற கணக்கு?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கரமடி என்பது கரையில் நின்றுகொண்டு இழுக்கிற பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து ஊரே இழுக்கும். இழுத்து முடிந்ததும் கரையிலேயே கும்பல் கும்பலாகப் பங்கு வைப்போம். பங்கு வைக்கும்போது பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பேர் சொல்லாமல் வைத்த பங்கு பங்கு ஆகாது. பங்கு வைத்து முடிக்கிறவரை வேலை முடிந்ததாகவும் கணக்கில்லை.

அடுத்த சனிக்கிழமை ரெஃப்ரி பந்தை நடுவில் வைக்க வந்தபோது அண்ணன் அவரை நிறுத்தி இதைச் சொன்னார். நெவில் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னான். நான் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன். ரெஃப்ரி அதைக் குடித்தபடி யோசித்தார்.

"இது இந்த மைதானத்தின் வழக்கமா என்று கேட்கிறார்," என்றான் நெவில்.

"எனக்க அப்பனுக்க அப்பன் காலத்துல இருந்தே வழக்கம்."

"அப்படியானால் இந்தக் கோட்டிலிருந்து புறப்படுகிற பந்துக்கு அது பொருந்தும் என்கிறார். இனிமேல் கோல் விழுந்தால், தொட்ட எல்லாருடைய பேரையும் ஜனம் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் கோல் என்று எடுத்துக்கொள்வாராம். பங்கு வைக்காமல் ஆட்டத்தை முடிக்கவும் மாட்டாராம்."

ரெஃப்ரி டம்ளரைக் கொடுத்துவிட்டு விசிலை ஊதினார். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. பேரை இங்கிலாந்தில் சத்தமாகச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் ஊரில் கரமடி கரைக்கு வருகிற நேரம் ஓடிவந்து கயிற்றைத் தொடுகிறவர்கள் எப்போதும் உண்டு. தொட்டால் பங்கு, தொட்டவர்களைத் திட்டுவோம், ஆனால் கொடுத்துவிடுவோம். அன்றைக்குச் சாயங்காலமும் அப்படித்தான். ஐஸ் பிளாண்ட் ஆட்கள் வந்தார்கள், கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை வந்தார், வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள். பெண்கள் குளித்துத் தலை வாரி வந்தார்கள். பிலோமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். நானும் கழுவினேன்.

பந்து உருண்டு வந்ததும் எல்லாரும் குனிந்து கை வைத்தோம்.

ரெஃப்ரி நீளமாக விசில் ஊதினார். கால்பந்தில் கை வைக்கக் கூடாது. இது எங்களுக்குத் தெரியாததல்ல, நாங்களே ஊர்க் கோப்பைக்கு ஆடுகிறவர்கள். ஆனால் பங்கு என்றதும் கைதான் முன்னால் போகிறது. காலைத் தூக்கிக்கொண்டு யார் போய்க் கயிற்றைத் தொடுவார்கள்?

ஒவ்வொரு கைக்கும் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக் என்று ரெஃப்ரி முடிவு செய்தார். ஊரை வரிசையாக நிற்க வைத்துக் கைகளை எண்ணினார். பிலோமி இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

நெவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய கடைசி ஆட்டம். அங்கே அவன் அம்மா பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இங்கே ஊர் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

"லேய் மக்கா, கோவமா?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்ல அண்ணே. எல்லாரும் கழுவிட்டுத்தானே வந்திருக்கிய," என்றான்.

எதிரணிக்காரன் சிவந்த முடியுள்ள பையன். இரண்டு நாள் முன்னதாகவே வந்து என் வீட்டில்தான் தங்கியிருந்தான். காலையில் கரமடி இழுத்தபோது வேடிக்கை பார்க்கப் போய்க் கயிற்றில் கை வைத்துவிட்டான். அண்ணன் அவன் பேரைச் சொல்லிப் பங்கு வைத்தார். நல்ல அயிலை, நான்தான் பொரித்துக் கொடுத்தேன். அவன் முதல் ஃப்ரீ கிக்குக்குப் பந்தை வைத்துவிட்டு யோசித்தான்.

"நானும் பங்குக்காரன்தானே?" என்று அண்ணனிடம் கேட்கும்படி நெவிலிடம் சொன்னான்.

"ஆமா," என்றார் அண்ணன்.

அவன் பந்தை நெவிலின் காலுக்கே தட்டினான். நெவில் மரியாதைக்கு அதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தான். அவன் அடுத்த கைக்கு உண்டானதைத் தட்டினான். நெவில் திருப்பினான். வெளியே இருட்டி, வீடுகளில் சோறு ஆக்கி முடித்து, பிள்ளைகள் தூங்கியும் ஆயிற்று. கோட்டுக்குள் மத்தியானம் அப்படியே இருந்தது. கடைசியில் பிலோமியின் இடது கை மட்டும் பாக்கி நின்றது. அவன் தட்டினான். நெவில் இந்தத் தடவை திருப்பவில்லை. முட்டிக் கட்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, கடல் பக்கம் திரும்பி, அடித்தான். பதினான்கு வருஷத்தில் அவன் அப்படி அடித்து நான் பார்த்ததில்லை. பந்து வள்ளங்களுக்கு மேலாகப் போய், அலைக்கு அப்பால், தெரியாமல் ஆயிற்று. ரெஃப்ரி பின்னாலேயே ஓடினார்.

காத்திருந்தோம். பந்து போய்ச் சேரவில்லை.

மறுநாள் ஈடித் போன் செய்தாள். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், தான் மட்டும் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். எதிரணி கோல்கீப்பரும் நிற்கிறாராம். பந்து வராமல் அவர் எப்படிப் போவார்? பங்கு வைக்காததால் ரெஃப்ரி ஆட்டத்தை முடிக்கவில்லை. ஆட்டம் முடியாததால் எங்கள் வட்டத்துக்குள் மத்தியானமும் முடியவில்லை. ராத்திரியும் மத்தியானம், விடியற்காலையும் மத்தியானம். ஊர்ச் சேவல்கள் வட்டத்தைச் சுற்றி நின்றுகொண்டு கூவலாமா வேண்டாமா என்று பார்த்தன. என் நெத்திலி இரவும் பகலும் காய்ந்தது. சூடு இல்லாவிட்டாலும் இத்தனை நேரம் கிடந்தால் காயத்தானே செய்யும்.

நெவில் வட்டத்தைவிட்டு வெளியே வர முடியாது. அங்கேயே சாப்பிட்டான், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கினான். சிவந்த முடிப் பையனும் அங்கேயே. புதிதாக வந்த பையன் பெட்டியோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் சேர்த்துக் கிழங்கு அவித்தேன்.

ஆனி பிறந்து கடல் கலங்கத் தொடங்கியது. ஈடித் தினமும் போன் செய்தாள். அங்கே மழையாம். ஃப்ளாஸ்கில் சாயா யாரோ கொண்டுவந்து தருகிறார்களாம்.

"வீட்டுக்குப் போ அம்மா," என்றான் நெவில்.

"எதற்கு? பேர் சொல்லுவார்கள் என்றாயே."

"உனக்குக் கண் தெரியாதே."

"காது கேட்கும்," என்றாள்.

அவன் போனை வைத்துவிட்டுக் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அந்த வெளிச்சத்தில் நிழல் விழாது. அதனால் ஒருத்தர் அழுகிறாரா என்று தெரிந்துகொள்ளக் கிட்டே போக வேண்டும். நான் போகவில்லை. பிலோமிதான் போனாள்.

போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அண்ணன் முன்னால் கூடையை வைத்தாள்.

"ஊரே கை வச்ச பந்து கடலுக்குள்ள கெடக்கு. கடலுக்குள்ள கெடக்கத வலையப் போட்டு இழுக்காம, போன் போட்டுக் கேட்டுட்டு இருக்கியளே. நீரெல்லாம் கரமடிக்காரன்னு சொல்லிட்டுத் திரியாதயும்."

அண்ணன் எழுந்து போய் வள்ளத்தைத் தள்ளச் சொன்னார்.

மறுநாள் காலையில் வலையை வளைத்தோம். கயிற்றின் ஒரு பக்கத்தை வட்டத்துக்கு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தோம், நெவிலும் சிவந்த முடிப் பையனும் அங்கே நின்றபடி இழுத்தார்கள். புதுப் பையனையும் இழுக்கச் சொன்னோம். வலையின் மடி கனத்தது. அப்படிக் கனம் நான் பார்த்ததில்லை. ஐஸ் பிளாண்டிலிருந்து ஆள் வந்தது, இரண்டாம் பூசைக்குப் போகிறவர்கள் வந்தார்கள், பூசைப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே இழுத்தார்கள்.

"விடாத, விடாத, ஏலோ போடு," என்று அண்ணன் சத்தம் போட்டார்.

வெயில் ஏறும் நேரம் மடி கரைக்கு வந்தது. சாளைதான் நிறைய. சாளைக்கு நடுவே வெள்ளைக் கம்பங்களோடு கோல் நின்றது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பச்சைச் சட்டை போட்ட கோல்கீப்பர் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை மர நாற்காலிகள். நடு நாற்காலியில் ஒல்லியான ஒரு அம்மா, கழுத்தில் கம்பளித் துண்டு, மடியில் பை. கோலுக்குள் பந்து கிடந்தது. ரெஃப்ரி இடுப்பளவு தண்ணீரில் பின்னாலேயே நடந்து வந்தார். குனிந்து, பந்து கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தார். தாண்டியிருந்தது. அண்ணனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அண்ணன் பங்கு வைக்க ஆரம்பித்தார். எப்போதும்போல வலது பக்கத்திலிருந்து, ஒவ்வொரு பேராகச் சொன்னார். பிரிஜித்தாள் என்று என் பேரைச் சொன்னார். பிலோமி பேரைச் சொன்னார். கோயில்பிள்ளை, ஐஸ் பிளாண்ட் ஆட்கள், சிவந்த முடிப் பையன், புதுப் பையன். அந்த அம்மா தலையைச் சாய்த்து ஒவ்வொரு பேரையும் கேட்டாள். எல்லாம் அவளுக்குப் புதுப் பேர். கைகளைப் பை மேல் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"நெவில்," என்றார் அண்ணன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். கால் சாளையில் வழுக்கியது, சமாளித்துக்கொண்டாள். இரண்டு முறை கை தட்டினாள். பக்கத்தில் நின்ற எங்களிடம் தன் பாஷையில், கத்தாமல், ஒரு செய்தி சொல்வதுபோல் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுதா?" என்று பிலோமி கேட்டாள்.

"அது என் பையனுடைய பந்து என்கிறாள்," என்றான் நெவில். கயிறு இன்னும் அவன் கையில் இருந்தது.

"எங்களுதும்தான்னு சொல்லு. நானும் ரெண்டு கை வச்சேன்."

அவன் சொன்னான். அந்த அம்மா பிலோமி நின்ற பக்கமாகத் திரும்பி, அவளுக்கும் இரண்டு முறை கை தட்டினாள். பிறகு உட்காருவதற்காகப் பின்னால் கையால் துழாவினாள். நாற்காலிகள் அதற்குள் பங்கு போயிருந்தன.

ரெஃப்ரி பந்தை எடுத்துக்கொண்டுபோய் வட்டத்தின் நடுவில் வைத்து ஆட்டத்தை முடித்தார். வட்டத்துக்குள் மத்தியானம் போய் எல்லாருக்கும் உள்ள காலை வந்தது. நெவில் கோட்டைத் தாண்டி வெளியே வந்தான். சேவல்கள் கூவின.

நெவிலுக்கு ஒரு கும்பல் சாளை விழுந்தது. எனக்குக் கோலின் மேல் கம்பம், அதில் இப்போது திருக்கை காயப் போடுகிறேன். ஈடித்தம்மா பிலோமியின் பங்கில் விழுந்தாள். நெவில் தினமும் சாயங்காலம் அங்கே போய்ப் பார்க்கிறான், கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று பிலோமி சொல்லியிருக்கிறாள். புதுப் பையன் சனிக்கிழமைகளில் கடல் பக்கமாகப் பந்தைத் தட்டிவிடுகிறான். ரொம்ப ஓடுகிறான், என் பாயை மிதிக்கிறான்.

கோல்கீப்பர் மட்டும் பங்கில் மிஞ்சினார். மிஞ்சுவதைக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு இப்போது அவர்தான் மணி அடிக்கிறார். கையுறையைக் கழற்றுவதில்லை. ஒவ்வொரு அடிக்கும் கயிறு மேலே போகும்போது, தாவி, இரண்டு கையாலும் பிடித்துவிடுகிறார்.